மார்லாவுக்கு வைத்த தட்டு

கரண்டி மறுபடியும் தட்டுக்கு வலப்பக்கம் கிடந்தது.

லவோன் அதை எடுத்துத் துணியில் துடைத்து இடப்பக்கம் வைத்தாள். அவள் மகள் மார்லா இடதுகைக்காரி. பந்து எறிந்தாலும் இடதுகை, அம்மாவிடம் கோபித்துக்கொண்டு கதவை அறைந்தாலும் இடதுகை. மார்லா செத்து நாளையோடு ஒரு வருஷம். இந்த ஒரு வருஷமும் ஒருவேளை விடாமல் லவோன் அவளுக்குத் தட்டு வைத்திருக்கிறாள். கரண்டியை இடப்பக்கம் வைப்பாள். அடுப்புப் பக்கம் போய்த் திரும்பினால் அது வலப்பக்கம் இருக்கும். எலி என்று நினைத்தாள். நாத்தனார் இமோஜீன் மாற்றி வைக்கிறாள் என்று நினைத்தாள். அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டாள். துக்கத்தில் இருக்கிற பொம்பளை எதையெல்லாம்தான் கவனிப்பாள்?

தட்டுக்கு எதிரே, வாசலைப் பார்த்தபடி, வீட்டின் மரியாதையான இடத்தில், மூன்று குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலியில் உயிர்ப்பொதி தொங்கியது. மான்தோல் சுற்றிய சின்னப் பொதிதான். உள்ளே மார்லாவின் தலையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு பிடி முடி. லகோட்டா ஜனங்களுக்கு முடியில்தான் உயிர் தங்கும். அதற்குச் சோறு வைத்து, பேச்சுக் கொடுத்து, ஒரு வருஷம் காப்பாற்றி, கடைசியில் ஊரைக் கூட்டிப் போர்வைகளை அள்ளிக் கொடுத்து, பொதியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் அவிழ்த்தால், அது தெற்கே நட்சத்திரப் பாதையில் ஏறித் தன் ஜனங்களிடம் போய்ச் சேரும். சேராதவை இங்கேயே குளிரில் அலையும். லவோனுக்கு வேறு பிள்ளை கிடையாது, புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. உலகத்தில் அவளுக்குப் பாக்கியிருந்த ஒரே வேலை மார்லாவை நாளைக்கு ஒழுங்காக வழியனுப்புவதுதான்.

அது லேசான வேலையும் அல்ல. உயிரை வைத்திருப்பவள் கத்தியைத் தொடக்கூடாது. ஓடக்கூடாது. அந்த வீட்டில் யாரைப் பற்றியும் தப்பாக ஒரு வார்த்தை வரக்கூடாது, குரல் உயரக்கூடாது. லவோனின் வாய் அந்த வட்டாரத்துக்கே தெரிந்த வாய். அந்த வாயை அவள் ஒரு வருஷம் கட்டிப்போட்டிருந்தாள் என்றால், பெற்றவளுக்கு மட்டும்தான் அது முடியும்.

"ட்ரைப் ஆபீஸ்ல எல்லாரும் பேசிக்கிறாங்க அண்ணி, உனக்கு உடம்பு சரியில்லையோன்னு," என்றாள் இமோஜீன். அவள் காலையிலிருந்து இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்தாள், லவோனுக்கும் சேர்த்து. "ஒரு வருஷமா யாரையுமே திட்டலையே."

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறு. மொத ஆளா உன்னத்தான் திட்டப்போறேன்."

"அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். காது நமநமங்குது." இமோஜீன் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இந்த நாய் என்ன, இன்னும் அந்தக் காருக்கடியிலயே கெடக்குது? உள்ள கூப்பிடு, வெறச்சுச் செத்துரும்."

"கூப்பிட்டா வரமாட்டேங்குது. பொதிய உள்ள கொண்டாந்த நாள்லேர்ந்து படி ஏறல."

அது மார்லாவின் நாய், பிஸ்கட். கொல்லையில் நசுங்கிக் கிடந்தது லவோனின் கார். அதில்தான் மார்லா செத்தாள். ஓட்டியவன் ஜேரட், லவோனின் சொந்த அண்ணன் ஹோபர்ட்டின் மகன். சாராயம் விற்காத ரிசர்வேஷன் எல்லையைத் தாண்டிப் போய் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து ஓட்டினான். அவனும் அதே இடத்தில் போய்விட்டான். போலீஸ் காரைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து அது அங்கேயே கிடக்கிறது; அதைத் தொடவும் லவோனுக்குத் தெம்பில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை.

மதியத்துக்கு மேல் வடக்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோலக் கறுத்தது. இமோஜீன் கையைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு, "ரோடு மூடிக்கிறதுக்குள்ள போறேன், விடியல்ல ஆளுங்களோட வந்துர்றேன்" என்று கிளம்பினாள். அவள் வண்டிச் சத்தம் ஓடைக்கு அப்பால் தேய்ந்ததும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. சுவரோரம் நாளைக்குக் கொடுக்கவேண்டிய, நட்சத்திரம் வைத்துத் தைத்த போர்வைகள் அடுக்கியிருந்தன. அடுப்பில் உலர்ந்த இறைச்சியும் சோளமும் கொதிக்கும் மணம், காட்டுப் பழக்கூழின் இனிப்பு வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில், ஈரச் சாக்கை எங்கோ மறைத்துவைத்த மாதிரி, மெல்லிய கார் எண்ணெய் வாடை. அந்த வாடையும் ஒரு வருஷமாக இருந்தது. ஹோபர்ட்டின் கோட்டிலிருந்து வருகிறது என்று லவோன் முடிவு செய்துவைத்திருந்தாள். அவன் தினமும் வருகிறானே.

ஹோபர்ட் தினமும் வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம்தான் வீடு. வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுப் பொதிக்கு முன்னால் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பான். ஒருமுறை அவன் "மகனே" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவனும் பிள்ளையைப் பறிகொடுத்தவன்தானே, எங்கே போய் அழுவான் என்று லவோன் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஜேரட்டுக்கு யாரும் உயிர்ப்பொதி கட்டவில்லை. சமூகக்கூடத்தில் இரண்டு சவப்பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது லவோன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "இவன் முடி என் வாசப்படி ஏறக்கூடாது." ஹோபர்ட் தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொல்றது சரிதான் தங்கச்சி" என்றான். அந்தப் பதிலுக்காக அவள் அன்று அவன்மேல் இன்னும் கொஞ்சம் பிரியம் வைத்தாள், பைத்தியக்காரி.

வெளிச்சம் இறங்கியது. பனி விழ ஆரம்பித்தது. முதலில் சத்தமில்லாமல், பிறகு காற்றோடு சேர்ந்து பலகைச் சுவரில் மணலை வாரி இறைப்பது போல. மின்சாரம் இரண்டு தடவை கண்சிமிட்டிவிட்டுப் போயே போய்விட்டது. லவோன் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிச் சமையலறை மேசையில் வைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இது அந்த நேரம்.

டொக். டொக்.

பின்பக்க ஜன்னல்.

"அம்மா. குளுருது."

போன பனிக்காலத்தில் தொடங்கியது இது. ஒவ்வொரு நாளும் இருட்டுகிற வேளையில், இந்த ஜன்னலில் இல்லாவிட்டால் அந்த ஜன்னலில். கோடையில்கூட "குளுருது" என்றுதான் சொல்லியது. முதல் நாள் லவோன் கதவுவரைக்கும் ஓடிவிட்டாள், ஓடக்கூடாது என்பதையும் மறந்து. ஹோபர்ட்தான் குறுக்கே வந்து நின்றான். "தொறக்காத தங்கச்சி. அது மார்லா இல்ல. மார்லா உள்ள இருக்கா, பொதியில. வெளிய நிக்கிறது வேற எதுவோ, அவ குரல எடுத்துக்கிட்டு வந்திருக்கு." சரிதானே? இருட்டில் வெளியே பேர்சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுக்காதே என்றுதான் எல்லாரும் வளர்ந்தார்கள். மறுநாளே அவன் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிவந்து கதவின் உள்பக்கம் அடித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அது கூப்பிடும்போதெல்லாம் லவோன் தேவதாருப் புகையைப் போட்டு, ஜன்னலைப் பார்த்து, மெல்லிய குரலில், "போயிரு. இங்க உனக்கு எதுவும் இல்ல" என்று சொல்லிவந்தாள்.

இன்றும் சொன்னாள். சத்தம் அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ மூக்கை உறிஞ்சுவது போலக் கேட்டது, காற்றாகவும் இருக்கலாம்.

"கடைசி ராத்திரிம்மா," என்றாள் பொதியைப் பார்த்து. "நாளைக்கு நீ போயிருவ."

காய்ந்த வாசனைப் புல்லைக் கொளுத்திப் பொதிக்குப் புகை காட்டினாள். புகையில் கண் எரிந்தது. கட்டியிருந்த தோல்வார் ஓரிடத்தில் நைந்து தொங்குவதை அப்போதுதான் கவனித்தாள். நாளைக்கு ஊர் முன்னால் கட்டு அவிழ்ந்து தொங்கினால் மானம் போய்விடும். இரண்டு விரலால் வாரைப் பிடித்து இறுக்கினாள். அது அறுந்து கையோடு வந்தது. மான்தோலின் மடிப்பு விலகி, உள்ளேயிருந்து ஒரு நுனி எட்டிப்பார்த்தது.

சிவப்பு நூல்.

லவோன் அதை உருவி எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மார்லாவின் முடி இடுப்புவரைக்கும் தொங்கிய முடி, பட்டுப்போல இருக்கும், நூலும் கிடையாது ரிப்பனும் கிடையாது. இது கரடுமுரடாக, கட்டையாக, பிடரியில் தொங்கவிட்ட ஒரு மெல்லிய பின்னல். நுனியில் சிவப்புக் கம்பளி நூல். அந்த நூலைக் கட்டியது லவோன்தான். பையன் முதல்முதலாகத் திருவிழா நடனத்தில் இறங்கிய நாளில், அத்தை என்ற உரிமையில் மடியில் உட்காரவைத்துக் கட்டினாள். "அறுந்து போனா அடுத்த நிமிஷம் என்கிட்ட வரணும்டா ஜேரட்" என்று சொல்லிக் கட்டினாள்.

சமூகக்கூடத்தில் முடியை வெட்டியது ஹோபர்ட். பொதியைக் கட்டியது ஹோபர்ட். கட்டிய பொதியைக் கடைசி நாள்வரை யாரும் அவிழ்ப்பதில்லை. கருமலைகளை உங்களுக்கே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட வெள்ளைக்காரர்களிடம் ஏமாறுவது லகோட்டாக்களுக்குப் பழகிப்போன சமாச்சாரம். உயிரை வைத்திருப்பது குற்றம் என்று அரசாங்கம் உத்தரவு போட்ட காலத்தில்கூட லவோனின் வம்சத்தார் பொதியை மாவுப் பீப்பாய்க்குள் புதைத்துவைத்துக் காத்தார்கள், ஆட்கள் வந்து வீட்டைக் குடைந்தபோது பீப்பாய்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில், கூடப்பிறந்த அண்ணன் கட்டிய முடிச்சை அவிழ்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கதவு திறந்தது. பனியோடு ஹோபர்ட் உள்ளே வந்தான். தொப்பியை உதறினான். நாளைக்காக ராத்திரி இங்கேயே தங்குவதாகப் பேச்சு; அவனுக்காகத்தான் தாழ்ப்பாள் போடாமல் விட்டிருந்தாள்.

"அடேங்கப்பா, என்ன காத்து. காப்பி இருக்கா தங்கச்சி?"

லவோன் கையை நீட்டினாள். உள்ளங்கையில் பின்னல். கத்தவேண்டும் போலிருந்தது, நெஞ்சுக்குள் ஒரு வருஷத்துக் கத்தல் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் குரல் உயரக்கூடாது. அது அவனுக்குத் தெரியும். இத்தனை நாளும் அந்த நம்பிக்கையில்தான் வந்து போயிருக்கிறான்.

"இந்த நூலு நான் கட்டினது அண்ணே."

ஹோபர்ட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் தங்கச்சிகள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை, அது மரியாதை. இவ்வளவு காலமும் மரியாதை என்று நினைத்தாள்.

"ஆமா," என்றான்.

"மார்லா எங்க?"

"மார்லாவுக்கு அழ ஊரே வந்துச்சு. பள்ளிக்கூடமே வந்துச்சு. என் புள்ள பெட்டியத் தூக்க ஆள் இல்ல, தெரியுமா உனக்கு? ஒரு வாய் சோறு வைக்க ஒருத்தரும் இல்ல. நீ வைப்பேன்னு தெரியும். உன்ன மாதிரி யாரும் வைக்கமாட்டாங்க."

"மார்லா எங்க அண்ணே?"

"கார்ல. முன்சீட்டு டப்பாவுல. பத்திரமாத்தான் வச்சேன்."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்து சீறியது.

"அப்ப வெளிய நின்னு கூப்பிட்டது," என்றாள் லவோன். "ஒரு வருஷமா..."

"கொஞ்ச நாள்ல அவ போயிருவான்னு நெனச்சேன்."

"நீ குறுக்க நின்ன. அது அவ இல்லன்னு சொன்ன. என் கையாலயே புகை போட்டுத் தொரத்த வச்ச."

"நாளைக்கு ஒரு நாள்தான் தங்கச்சி," ஹோபர்ட் கெஞ்சினான், அதே மெல்லிய குரலில். "நாளைக்கு ஜேரட் போயிருவான். அப்புறம் அவள உள்ள கொண்டாந்து வச்சுக்கோ. இன்னொரு வருஷம்தானே. நானே கட்டித் தர்றேன்."

லவோன் பின்னலை மேசையில் வைத்தாள். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். டார்ச் லைட்டை எடுத்தாள்.

"காத்து அடிக்குது. போகாத," என்றான் அவள் முதுகைப் பார்த்து.

வெளியே பனி முகத்தில் அறைந்தது. பின்பக்க ஜன்னலுக்குக் கீழே டார்ச்சை அடித்தாள். புதுப்பனி விழுந்தும் மூடாத ஒரு தடம், ஜன்னலிலிருந்து காருக்கு, காரிலிருந்து ஜன்னலுக்கு, ஆட்டுமந்தை தினமும் நடந்து தேய்ந்ததுபோல இறுகி, வழுவழுப்பான ஐஸாகியிருந்தது. அதன்மேல் வெறுங்கால் தடங்கள். சின்னப் பாதங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.

பிஸ்கட் காருக்கடியிலிருந்து எழுந்து வந்தது. வாலை ஆட்டியது. லவோனைப் பார்த்து அல்ல. அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில், எதையோ பார்த்து.

கார்க் கதவு நசுங்கிப் போனது, உறைந்து போனது. திறக்காது என்று நினைத்துப் பலமாக இழுத்தாள். தினமும் திறந்து மூடுகிற கதவுபோல லேசாகத் திறந்துகொண்டது.

உள்ளே கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாகப் பனிபூத்திருந்தன. யாரோ உள்ளே உட்கார்ந்து மூச்சுவிட்டதுபோல. வீட்டைப் பார்த்த ஜன்னலில் மட்டும் ஒரு சின்ன வட்டம் துடைக்கப்பட்டிருந்தது. லவோன் குனிந்து அதன் வழியாகப் பார்த்தாள். சமையலறை நேராகத் தெரிந்தது. விளக்கு. மேசை. தட்டு. தினமும் வைத்த தட்டு.

"ஐயோ, என் தங்கமே," என்றாள் வாய்விட்டு.

டப்பாவைத் திறந்தாள். ஹோபர்ட்டின் கைக்குட்டையில் சுற்றி, பட்டுப்போன்ற முடி. கையில் எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் கைவிட்டதுபோல எலும்புவரை குளிர்ந்தது. மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். குளிர் அங்கேயே தங்கிவிட்டது. வீட்டை நோக்கித் திரும்பினாள். ஓடினாள். ஓடலாம் இப்போது. யார் கேட்பது.

கதவு திறக்கவில்லை.

தள்ளினாள். தோளால் இடித்தாள். உள்ளே தாழ்ப்பாள். இரும்புத் தாழ்ப்பாள்.

"அண்ணே!"

ஜன்னலுக்குப் போனாள். ஹோபர்ட் மேசையருகே நின்று தட்டில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தான். கரண்டியை எடுத்து வைத்தான். வலப்பக்கம். எதிர் நாற்காலி பின்னால் இழுத்துப் போட்டிருந்தது. அதில் யாரோ. முதுகு தெரிந்தது. பிடரி. மெல்லிய பின்னல்.

சிவப்பு நூல்.

லவோன் முஷ்டியால் கண்ணாடியை ஓங்கி அடித்தாள். நொறுங்கியிருக்க வேண்டும். டொக் என்றது. இன்னொரு முறை அடித்தாள். டொக். ஒரு வருஷமாக அடக்கிவைத்த வாயைத் திறந்தாள், ஊரே கேட்கும்படி, பாவி, துரோகி, கூடப்பிறந்தவனா நீ என்று அலறினாள். வெளியே வந்தது ஒரு மெல்லிய, தேய்ந்த குரல்.

"அண்ணே. குளுருது."

நாற்காலியில் இருந்தது தலையைத் திருப்பப் பார்த்தது. ஹோபர்ட் அதன் தோளில் கை வைத்தான். குரலை உயர்த்தாமல், ஒழுங்காக, அந்த வீட்டில் பேசவேண்டிய விதத்தில் பேசினான்.

"பாக்காதப்பா. அது அத்த இல்ல. அத்த குரல எடுத்துக்கிட்டு வந்திருக்கு."

தேவதாருக் கிளையை அடுப்பில் போட்டான். புகை கிளம்பி ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே வந்தது. லவோனின் தொண்டையில் நெருப்பாக இறங்கியது. அவள் பின்னால் நகர்ந்தாள். நகராமல் இருக்க முடியவில்லை.

அவள் வலதுகைக்குள் ஒரு கை நுழைந்தது. சின்னக் கை. இடதுகை.

"கத்தாதம்மா," என்றது பக்கத்தில். "கத்தினா கேக்காது. நான் நெறையக் கத்திப் பாத்துட்டேன்."

லவோன் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா. காருக்குள்ள போயிரலாம். அங்கேர்ந்து பாத்தா சோறு நல்லாத் தெரியும்."

தேய்ந்த தடத்தில் இருவரும் நடந்தார்கள். நாய் முன்னால் ஓடியது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டதும் காற்றின் சத்தம் நின்றுபோனது. லவோன் ஜன்னலில், அந்தச் சின்ன வட்டத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கையால் தனக்கொரு வட்டம் துடைத்துக்கொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் ஜேரட் வலதுகையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, நேராகக் காரைப் பார்த்தான்.

ஹோபர்ட் எழுந்து வந்து திரையை இழுத்து மூடினான்.